குரலுக்கு வயது உண்டு

'கலைக்கு வயதில்லை' என்பது மேடைகளில் பொன்னாடையோடு சேர்த்துப் போர்த்தப்படும் வாக்கியம். மேல்நாட்டுப் பாப் இசையைப் பற்றிப் பேசும் நம் நண்பர்கள் சிலரும் இப்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் மிக் ஜாகர் 2023-ல், 80 வயதில், புதிய இசைத்தட்டு வெளியிட்டார். மடோனா 2024 மே மாதம், 65 வயதில், ரியோ டி ஜெனீரோ கடற்கரையில் பாடியபோது பதினாறு லட்சம் பேர் கூடியதாகக் கணக்குச் சொன்னார்கள். ஆகவே வயது தோற்றது, கலை வென்றது. இப்படிப் போகிறது வாதம்.

விளம்பர வாசகத்தை விமர்சனம் என்று நம்பி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தலைகளை எண்ணுவது விமர்சனம் என்றால் நாமெல்லாம் இந்த இருநூற்றுச் சொச்சம் பிரதிகளை அச்சடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கேட்கவேண்டிய கேள்வி வேறு. அந்த லட்சக்கணக்கானவர்கள் எதைக் கேட்க வந்தார்கள்? முதியவரின் பாட்டையா, அல்லது முதியவரின் வழியாகத் தங்கள் இளமையையா?

பாப் இசையில் வயதானவர்கள் ஒதுக்கப்படுவது யாரோ நாலு பேரின் மனக்கோணல் அல்ல. சரக்கின் அமைப்பே அது. 1949-ல் நிமிஷத்துக்கு 45 சுற்று சுழலும் சின்ன இசைத்தட்டு வருகிறது. 1954-ல் சட்டைப்பையில் அடங்கும் டிரான்சிஸ்டர் ரேடியோ வருகிறது. போருக்குப் பிந்திய அமெரிக்காவில் பதினைந்து வயதுப் பிள்ளையின் கையிலும் செலவழிக்கக் காசு இருக்கிறது. பாட்டு, அப்பாவின் கூடத்திலிருந்து பிள்ளையின் அறைக்குப் போயிற்று. அங்கே விற்கப்பட்டது பாட்டு மட்டும் இல்லை, அப்பாவுக்குப் பிடிக்காது என்கிற உத்தரவாதமும்தான். 1965-ல் 'தி ஹூ' குழுவுக்காக, முதுமைக்குமுன் சாவே மேல் என்கிற தொனியில் பாட்டெழுதிய பீட் டவுன்ஷெண்டுக்கு அப்போது 20 வயது. அதற்குத் தாளம் கொட்டிய கீத் மூன் 1978-ல் 32 வயதில் செத்தே போனார். எழுதியவரும் பாடியவரும் எண்பதைத் தொட்டு, 2025-ல் அமெரிக்காவில் விடைபெறும் பயணம் போனார்கள். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. இருபது வயதின் அகங்காரத்தை எண்பது வயதிலும் நின்று விற்றாகவேண்டும் என்ற நிலையில் ஒரு கலைஞனை வைத்திருக்கிற ஏற்பாடு எப்படிப்பட்டது என்று கேட்கிறேன்.

விலக்குகள் இருந்ததுண்டு. 1964 மே மாதம், பதினான்கு வாரம் அமெரிக்கப் பட்டியலின் உச்சியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பீட்டில்ஸை அங்கிருந்து இறக்கியது, 62 வயது லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த தொண்டை. ஆனால் ஆம்ஸ்ட்ராங் இளமையை விற்கும் கடைக்காரர் அல்ல. அவர் ஜாஸ்காரர். அந்தக் கடைக்குள் தவறிப்போய் நுழைந்த பெரியவர்.

இன்றைய முதியவர்கள் எப்படிப் பிரபலமாக நிலைக்கிறார்கள் என்பதற்கு மிக நேர்மையான பதில் லண்டனில் இருக்கிறது. 2022 மே மாதம் அங்கே 'ஆபா வாயேஜ்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். அதற்கென்றே மூவாயிரம் பேர் கொள்ளும் அரங்கு கட்டினார்கள். எழுபது வயதைத் தாண்டிய, அல்லது தாண்டவிருந்த, ஆபா பாடகர்கள் நால்வருக்கும் உடம்போடு ஒட்டிய உடுப்பு மாட்டி, ஐந்து வாரம் காமிராக்களின் நடுவே பாடவும் ஆடவும் வைத்து அசைவுகளைப் பதிவு செய்துகொண்டார்கள். பிறகு கம்ப்யூட்டரில் வயதைத் துடைத்தெறிந்து, 1979-ல் இருந்த முகத்தையும் தோலையும் அந்த அசைவுகளின்மேல் ஏற்றினார்கள். மேடையில் தெரிவது அந்த உருவங்கள். கிழவர்களின் உழைப்பு வேண்டும், கிழவர்கள் வேண்டாம். இதைவிடப் பச்சையாக ஒரு தொழில் தன் மனசைத் திறந்து காட்டமுடியாது. இதில் விசித்திரம், அதே நால்வரும் 2021-ல், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, சற்றே தணிந்த சொந்தக் குரல்களில் ஒரு புது இசைத்தட்டும் பாடியிருந்தார்கள். அரங்கில் மாலை முழுக்க ஓடுவது பெரும்பாலும் பழைய பாட்டுகள்தான்.

இன்னொன்று. அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த பெண்களில் மிக மூத்தவர் பிரெண்டா லீ. 2023 டிசம்பரில், 79-ஐ எட்டும் தறுவாயில், ஒரு கிறிஸ்துமஸ் பாட்டின் மூலம் அந்த இடத்துக்கு வந்தார். வயதின் வெற்றி என்று எழுதினார்கள். அந்தப் பாட்டு 1958-ல் பதிவானது. அதில் கேட்பது பதின்மூன்று வயதுச் சிறுமியின் குரல்! அதற்கு முந்தைய ஆண்டு, 63 வயது கேட் புஷ் பிரிட்டிஷ் பட்டியலின் உச்சிக்கு வந்ததும் 1985-ல் தான் பாடிய பாட்டை ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுத்துப் போட்டதால்தான். நல்ல பாட்டுதான், அதில் எனக்குச் சண்டையில்லை. இந்த வெற்றிகளில் வயதான குரல் எங்கே என்பதுதான் என் கேள்வி.

வயதான குரலையே காதால் கேட்டுக் கொண்டாடியது உண்டா? உண்டு. ஜானி கேஷ் 1958 முதல் தன்னை வைத்திருந்த கொலம்பியா கம்பெனியால் 1986-ல் கழற்றிவிடப்பட்டார். தன்னைவிட முப்பது வயது இளைய ரிக் ரூபின் அவரை ஒரு கிதாரோடு உட்காரவைத்துப் பதிவு செய்த இசைத்தட்டு வந்தது 1994-ல். 2002-ல் வந்த 'ஹர்ட்' பாட்டை எழுதியபோது டிரெண்ட் ரெஸ்னருக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஓர் இளைஞனின் தன்வதை, எழுபது வயது நடுங்கும் குரலில் வேறொரு கணக்குத் தீர்ப்பாக மாறியது. லெனார்ட் கோஹனின் 1984 இசைத்தட்டை அமெரிக்காவில் வெளியிட அதே கொலம்பியா மறுத்தது. சேமிப்பெல்லாம் மேலாளர் கையில் கரைந்துபோய், 2008-ல், 73 வயதில், பதினைந்து வருஷ இடைவெளிக்குப் பிறகு மேடையேறினார். 2016-ல் சாவதற்குப் பதினேழு நாளுக்குமுன், உயிரோடிருந்தபோது கடைசியாக வந்த இசைத்தட்டில், பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் எங்கோ ஆழத்திலிருந்து வருகிறது குரல். முப்பது வயதில் அந்த இசைத்தட்டை அவரால் செய்திருக்க முடியாது. கலைக்கு வயதில்லை என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

ஆனால் இவர்கள் ஆண்கள். ஆண் குரல் உடைந்தால் ஞானம், பெண் குரல் உடைந்தால் சிதிலம் என்பது எழுதப்படாத சட்டம். அதனால்தான் ஷெர், 1998-ல், 52 வயதில், பெரிய வெற்றி பெற்ற பாட்டில் குரலை இயந்திரத்துக்குள் செலுத்தி வயது தெரியாத உலோகமாக்கி வெளியே எடுத்தார்கள். அதனால்தான் 2015-ல் பி.பி.சி.யின் ரேடியோ 1 மடோனாவின் புதுப்பாட்டைத் தன் பட்டியலில் சேர்க்காதபோது, வயது காரணமில்லை, எங்கள் நேயர்களுக்குப் பொருந்துகிறதா என்பதே காரணம் என்று விளக்கம் தர முடிந்தது. அந்த நேயர்கள் 15 முதல் 29 வயதுவரை என்று அவர்களே வகுத்துக்கொண்டது. அந்தப் பதிலில் தர்க்கப் பிழை இல்லை என்பதுதான் பயங்கரம். டினா டர்னர் 1984-ல், 44 வயதில், மீண்டு வந்ததை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அவருடைய கால்களைப் பற்றி எழுதப்பட்ட வரிகளையும் தொண்டையைப் பற்றி எழுதப்பட்ட வரிகளையும் யாராவது பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கட்டும்.

இதைக் கண்டு நாம் உச்சுக்கொட்ட வேண்டியதில்லை. நம்மிடம் இருப்பது இதே பொய்யின் மறுபுறம். பெண் பாடவேண்டுமானால் கிழவியாகிவிடவேண்டும் என்று அவ்வையைப் பிள்ளையாரிடம் வரம் வாங்கவைத்து ஒரே நாளில் நரைக்கவைத்த கதை நம்முடையது. 1953-ல் அந்த வேஷம் கட்டிய கே. பி. சுந்தராம்பாளுக்கு 44 வயது. அங்கே அவளுக்கு முதுமை மறுக்கப்படுகிறது, இங்கே முதுமையைத் தவிர மற்றதெல்லாம் மறுக்கப்பட்டது. இரண்டிலும் அவள் வருஷம் வருஷமாக வாழ்ந்து முதிர்வதற்கு இடமில்லை. நம் சபாக்களில் சுருதி விலகினாலும் 'என்ன ஞானம்' என்று தலையாட்டுகிற மரியாதையும் காது கேட்காததன் இன்னொரு வகை.

மரியான் ஃபெயித்ஃபுல்லை மட்டும் அந்தச் சட்டத்துக்கு வெளியே வைக்கவேண்டும். 1964-ல் 17 வயதில் பளிங்குபோலப் பாடிய பெண். 1979-ல் 'புரோக்கன் இங்கிலீஷ்' வந்தபோது குரல் விண்டு, தேய்ந்து, புகைபிடித்துப்போயிருந்தது. அவர் அதை மறைக்கவில்லை. 2025 ஜனவரியில் இறந்தவரை அதையே கருவியாக வைத்துக்கொண்டார்.

ஜோனி மிட்செலுக்கு வருகிறேன், என் வாதமெல்லாம் அங்கேதான் நிற்கிறது. 'போத் சைட்ஸ் நவ்' பாட்டை அவர் எழுதியது 23 வயதில். வாழ்ந்து முடித்துப் பார்த்தவர் பேசுவதுபோல அமைந்த பாட்டு, வாழத் தொடங்காத ஒருவர் எழுதியது. 1969 பதிவில் குரல் உச்சத்தில் எளிதாகப் பறக்கிறது. அழகு. ஆனால் சொற்கள் குரலைவிட மூத்தவையாக நிற்கின்றன, அக்காவின் சேலையைக் கட்டிக்கொண்ட தங்கைமாதிரி. 2000-ல், 56 வயதில், வாத்தியக் குழுவோடு மறுபடி பாடினார். இத்தனை ஆண்டுச் சிகரெட்டில் குரல் பல படிகள் கீழே இறங்கிவிட்டிருக்கிறது. வரிக்கும் வரிக்கும் நடுவே மூச்சு நிற்கிறது. எட்டமுடியாத ஸ்வரங்களை எட்டப் பார்க்கவில்லை. இப்போதுதான் அந்தச் சொற்களுக்கு உடம்பு கிடைக்கிறது. 2015-ல் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துப் பேச்சும் நடையும் போய், மறுபடி கற்று, 2022-ல் நியூபோர்ட்டிலும் 2024 பிப்ரவரியில், 80 வயதில், கிராமி மேடையில் நாற்காலியில் உட்கார்ந்தும் அதே பாட்டைப் பாடினார். இந்தக் கடைசிப் பதிவுகளை நான் அவ்வளவாக முன்வைக்கமாட்டேன். அங்கே கூட்டத்தின் கண்ணீர் பாட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. உயிர் பிழைத்ததற்கான கைதட்டல் வேறு, பாட்டுக்கான கைதட்டல் வேறு.

2000-ஆம் வருஷத்துப் பதிவு போதும். 1969-இல் இல்லாத எது அதில் இருக்கிறதோ அதற்குப் பெயர் வயது என்கிறேன் நான். இல்லை என்பவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு அடுத்த இதழுக்கு எழுதட்டும்.