கடற்கரைக்கும் உச்சவரம்பு வேண்டும்

பொங்கலுக்குத் தறி நின்றால் மல்லசமுத்திரத்திலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் சுற்றுலா வேன்கள் கிளம்பும். ஒரு வண்டி ராமேசுவரம், தனுஷ்கோடி பக்கம், ஒரு வண்டி மாமல்லபுரம், புதுச்சேரி பக்கம், இளவட்டங்கள் கோவாவுக்கு. அலை பார்க்க இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும் சமவெளிக்காரர்களுக்குக் கடல்மேல் ஆசை இருப்பது இயல்பு. அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. போய்ச் சேரும் கரை என்ன நிலையில் இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு, அரசு இனியாவது என்ன செய்ய வேண்டும் என்பவைதாம் பேசப்பட வேண்டியவை.

எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்தே சுற்றுலாவின் வெற்றியை அளக்கும் வழக்கம் நாடு முழுவதும் ஊறிப்போயிருக்கிறது. போன ஆண்டைவிடக் கூட்டம் கூடினால் சாதனை, குறைந்தால் சரிவு. அந்தக் கரையின் நிலத்தடி நீர் எத்தனை பேருக்குத் தாங்கும், கழிவு எங்கே போகும், அங்கே பிழைக்கிற மீனவருக்கு வலை உலர்த்த இடம் மிஞ்சுமா என்ற கணக்கு முதலில் போடப்படுவதில்லை. சாலை, விடுதி, வாகன நிறுத்தம் எல்லாம் வந்து, கரை கெட்ட பிறகே குழு அமைக்கப்படுகிறது. இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். தாங்குதிறனை முதலில் ஆய்ந்து, உச்சவரம்பை அரசாணையாக அறிவித்து, அதன் பிறகே கட்டட அனுமதி தரப்பட வேண்டும்.

கோவாவைப் பார்த்தால் இது ஏன் அவசரம் என்பது விளங்கும். 2011 கணக்கெடுப்பில் அந்த மாநிலத்தின் மக்கள்தொகை 14.58 லட்சம். 2024-ஆம் ஆண்டில் அங்கே வந்துபோன சுற்றுலாப் பயணிகள் 1 கோடிக்கும் மேல். கலங்குட், பாகா போன்ற கரைகள் ஒருகாலத்தில் மீனவர் குப்பங்களும் தென்னந்தோப்புகளுமாக இருந்தவை. இன்று விடுமுறை நாளில் அங்கே வண்டி நகராது. பாகா ஓடையில் கழிவுநீர் கலப்பது ஆண்டுக்கணக்கில் நீளும் புகார். சுற்றுலாவால் வாழும் கலங்குட் ஊராட்சியே 2024-இல், வெளியிலிருந்து வருவோரிடம் நுழைவுக் கட்டணம் வாங்க வேண்டும் என்று தீர்மானம் போடும் அளவுக்குப் போனது. அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்து சுற்றுலாவுக்கு வரம்பு கேட்டார்கள். அந்தத் தீவுகளின் பொருளாதாரம் பெருமளவு சுற்றுலாவை நம்பியே நடக்கிறது. வருமானம் பார்க்கிற ஊரே போதும் என்று சொல்லத் தொடங்கினால், பிரச்சினை பணம் அல்ல, அளவு.

தண்ணீர்க் கதையை இந்த வட்டாரத்துக்காரர்களைவிட வேறு யாரும் சீக்கிரம் புரிந்துகொள்ள முடியாது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் அரிது. பாறைக்குள் ஆயிரம் அடி இறங்கித் தண்ணீர் தேடுவது இங்கே பழகிய வேலை. கிடைக்கவில்லை என்றால் இன்னும் நூறு அடி. கடற்கரையில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியிலிருக்கும் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரம் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலின் பழைய விதி. மேலே ஓர் அடியை மோட்டார் வைத்து இறைத்துவிட்டால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். ஒருமுறை உப்பேறிய மணலை மீண்டும் கழுவி எடுக்கப் பல ஆண்டு மழை வேண்டும். ஆழம் போகப் போகத் தண்ணீர் என்று பழகிய கைகள் கரையில் ஆழம் போனால், கிடைப்பது உப்பு.

தனுஷ்கோடி மீனவப் பெண்களுக்கு இது தெரியும். கடல் இருபுறமும் சூழ்ந்த அந்த மணல் நாக்கில் கையால் சில அடி தோண்டி ஊறுகிற நன்னீரை மொண்டுதான் அவர்கள் காலம் தள்ளியிருக்கிறார்கள். ஊற்றில் தண்ணீர் ஊறும்வரை காத்திருந்து, தேவைக்கு மட்டும் எடுப்பார்கள். ஒவ்வோர் அறைக்கும் குளியல் தொட்டி, நடுவில் நீச்சல் குளம், சுற்றிலும் புல்தரை என்று எழும்பும் விடுதிக்கு அந்தப் பொறுமை கிடையாது. சென்னைக்குத் தெற்கே திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரையிலான மணற்பரப்பு ஒருகாலத்தில் நல்ல தண்ணீர்க் கிடங்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வீடும் விடுதியும் பெருகி, தண்ணீர் லாரிகளும் சேர்ந்து உறிஞ்சியதில் அங்கே பல கிணறுகள் உப்பேறின. அதே சாலையில் நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை 2013-இல் அரசு திறக்க வேண்டிவந்தது. வளரும் பெருநகரத்தின் தாகத்துக்காக வந்த ஆலைதான் அது. ஆனாலும் மழை இலவசமாக நிரப்பிய கிடங்கைக் காப்பாற்றியிருந்தால் எவ்வளவு செலவு மிஞ்சியிருக்கும் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1991 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பதைத் தடுத்தது. 200 முதல் 500 மீட்டர் வரை, சாதாரணக் கிணற்றில் ஆள் இறைக்கிற அளவுக்கு மட்டுமே, அதுவும் குடிநீருக்கும் விவசாயத்துக்கும் மீன்பிடித் தொழிலுக்கும் மட்டுமே அனுமதித்தது. விடுதி கட்டினால் உயரம் 9 மீட்டருக்கு மிகக்கூடாது, மணல்மேட்டைத் தட்டையாக்கக் கூடாது, பொதுமக்கள் கடலுக்குப் போக விடுதிகளுக்கு இடையே 20 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. இவ்வளவு தெளிவான விதி அதற்குப் பிறகு திருத்தத்தின்மேல் திருத்தமாகத் தளர்ந்தது. 1994-இல் சில நீர்நிலைக் கரைகளில் கட்டடம் கூடாத தூரத்தை 50 மீட்டராகக் குறைத்த திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 1996-இல் செல்லாது என்றது. 2019 ஜனவரி அறிவிக்கையோ, மக்கள் நெருக்கமுள்ள ஊரகக் கரைகளில் கட்டடம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கிவிட்டது. கடல் ஏறிவருகிறது என்று உலகமே பேசும் காலத்தில் கட்டடத்தைக் கடலை நோக்கி நகர்த்தும் முடிவு இது. இந்தத் தளர்வைத் தமிழ்நாடு பயன்படுத்திக்கொள்ளக் கூடாது.

மணல்மேட்டைத் தொடாதே என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. அடும்பங்கொடியும் ராவணன் மீசையும் பிடித்துவைத்திருக்கும் மணல்மேடுதான் புயலலையை முதலில் வாங்குகிறது, மழையைக் கீழே இறக்குகிறது. அறையிலிருந்தே கடல் தெரிய வேண்டும் என்று அதை மட்டப்படுத்திப் புல் பதித்தால், அடுத்த பெரிய அலை நேராகச் சுவரில் மோதும். உடனே கல் கொட்டச் சொல்லிக் கோரிக்கை வரும். தமிழகத்தின் கிழக்குக் கரையில் மணல் ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. குறுக்கே கல்லைப் போட்டால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் ஊர் அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை அரித்ததும், 1980-களின் இறுதியில் கட்டிய துறைமுகத் தடுப்புச்சுவருக்குப் பிறகு புதுச்சேரி நகரம் தன் மணற்கரையை இழந்ததும் கண்முன் இருக்கும் பாடங்கள். அவை சுற்றுலாவால் நேர்ந்தவை அல்ல. ஒரு விடுதிக்காகக் கொட்டும் கல்லுக்கும் கடல் அதே விதியைத்தான் வைத்திருக்கிறது.

மிகப் பெரிய அநியாயம் மீனவருக்கு நடப்பது. கடற்கரை அவர்களுக்குக் காட்சி அல்ல, களம். கரைவலை இழுக்கவும், படகு ஏற்றவும், வலை பழுது பார்க்கவும், கருவாடு காயப்போடவும் திறந்த மணல் வேண்டும். பட்டா என்று ஒரு காகிதம் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய பொது நிலம் அது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, பாதுகாப்பு என்ற பெயரில் மீனவக் குடும்பங்களை 200 மீட்டருக்கு அப்பால் குடியேறச் சொன்னது தமிழக அரசின் 2005-ஆம் ஆண்டு ஆணை. புது வீடு வேண்டுமென்றால் பழைய இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். கடலோடு வாழ்கிறவனுக்கு ஆபத்தான அந்த இடம், வார இறுதிக்கு வருகிறவனுக்கு மட்டும் எப்படிப் பாதுகாப்பானதாக ஆகும்? இலங்கையில் இதே கதை இன்னும் கடுமையாக நடந்தது. அங்கே தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று தடைப்பட்டை அறிவித்தார்கள். போர் முடிந்தபின் மட்டக்களப்பின் பாசிக்குடாவில் விடுதிகள் வரிசையாக எழும்ப, தமிழ் மீனவர்களின் படகுகள் ஓர் ஓரத்துக்கு ஒதுங்கின.

வேலைவாய்ப்பு வருகிறதே என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. மாமல்லபுரத்துச் சிற்பியின் கல்லை வாங்குகிறவர் சுற்றுலாப் பயணி. தனுஷ்கோடியில் சங்குமாலையும் வறுத்த மீனும் விற்கிற குடும்பத்துக்கு அன்றாட அடுப்பு எரிவது அந்தக் கூட்டத்தால். கடலில் மீன் குறைந்த காலத்தில் விடுதி வேலைக்குப் போன மீனவ வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஆனால் இவர்கள் எல்லோருடைய பிழைப்பும் அந்தக் கரை நன்றாக இருந்தால்தான் நிற்கும். கரை நாறினால் பணக்கார விடுதி வேறு ஊருக்குப் போய்விடும். சங்கு விற்கிறவர் போக முடியாது.

பிலிப்பைன்ஸின் போராகே தீவு சுமார் 10 சதுர கிலோமீட்டர்தான். 2017-இல் அங்கே ஏறக்குறைய 20 லட்சம் பேர் போனார்கள். விடுதிகள் கழிவை நேராகக் கடலில் விட்டதால், சாக்கடைக் குழி என்று அந்நாட்டு அதிபரே சொல்லி, 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் தீவை மூடிவிட்டார். திறந்தபோது ஒரே நேரத்தில் 19,215 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வந்தது. தாய்லாந்தின் மாயா விரிகுடா 2018 ஜூனில் மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தது. இடையில் பவளம் நட்டார்கள், சுறாக் குட்டிகள் திரும்பி வந்தன. இரண்டு இடத்திலும் வரம்பு பின்னால் வந்தது. அந்த மாதங்களில் வேலை இழந்தவர்கள் படகோட்டிகளும் அறை சுத்தம் செய்கிற பெண்களும். முன்பே வரம்பு வைத்திருந்தால் அவர்கள் வயிற்றில் அடித்திருக்க வேண்டாம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய யோசனையும் அல்ல. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று எண்ணும் நிர்ணயமானது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், அவர்கள் கவலையில் நியாயமும் இருந்தது. ஆனால் மலைக்குத் தாங்குதிறன் உண்டு என்பதை அரசு இயந்திரம் ஒப்புக்கொண்டுவிட்டது. கடற்கரைக்கு மட்டும் அது ஏன் இல்லை?

தனுஷ்கோடியில் தொடங்கலாம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊரும் ரயிலும் போன பிறகு மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசே அறிவித்த மண் அது. மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும் தொடும் இடம்; பூநாரைகள் வந்திறங்கும் சதுப்பு. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்ததிலிருந்து கார்களும் வேன்களும் முனைவரை போகின்றன. குடித்துப் போட்ட பாட்டிலும் தின்றுபோட்ட பையும் காற்றில் கடலுக்குப் போகின்றன. சொந்த வண்டிகளை ராமேசுவரத்திலேயே நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் மட்டும் முனைக்கு அனுப்புவதும், நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைப்பதும் இன்றே செய்யக்கூடியவை. சுற்றுலா அனுமதி எதையும் மீனவக் கிராமத்தின் கிராமசபை ஒப்புதல் இல்லாமல் வழங்கக் கூடாது. செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம் 2021-இல் பெற்ற நீலக்கொடிச் சான்று நல்லதுதான். அதுபோன்ற சான்று ஒரு துண்டுக் கரையின் சுத்தத்தைச் சொல்லும். அடுத்த கிலோமீட்டரில் எத்தனை ஆழ்துளைக் கிணறு இறங்கியிருக்கிறது என்பதைச் சொல்லாது.

இந்த வட்டாரத்துக்கும் வேலை இருக்கிறது. ரிக் உரிமையாளர்களின் சங்கங்கள், உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் விடுதிக்கு ஆழ்துளைக் கிணறு போட வண்டி அனுப்புவதில்லை என்று தீர்மானம் போடலாம். அப்படிச் செய்தால் எந்த அதிகாரியின் ஆய்வைவிடவும் அது பலன் தரும். சுற்றுலா அழைத்துப்போகும் பள்ளி, கல்லூரிகள் விடுமுறை உச்சத்தைத் தவிர்த்து வேறு மாதங்களில் போகலாம். நாமக்கல், சேலம் மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்கள் சுற்றுலாத் துறை மானியக் கோரிக்கையின்போது தனுஷ்கோடிக்கும் மாமல்லபுரத்துக்கும் உச்சவரம்பு கேட்கும் கையோடு, வார இறுதியில் திணறும் ஏற்காட்டுக்கும், 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இன்னும் பெரிய விடுதிகள் நெருக்காமல் இருக்கும் கொல்லிமலைக்கும் தாங்குதிறன் ஆய்வைக் கேட்க வேண்டும். கொல்லிமலையில் அந்த ஆய்வு முடிந்து முடிவு வெளியாகும்வரை, புதிய விடுதிகளுக்கான அனுமதியை மாவட்ட நிர்வாகம் நிறுத்திவைக்க வேண்டும்.