நேரம் குறித்தவரையும் கேளுங்கள்

சென்னைத் தெருக்களில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும், போக்குவரத்துக் காவலுக்கும், மாநகராட்சிக்கும், செயலி நடத்தும் நிறுவனங்களுக்கும்:

2023 நவம்பர் 4 முதல் சென்னையில் காருக்கு 60, இருசக்கர வண்டிக்கும் கனரக வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40 கிலோமீட்டர் என்று வேக வரம்பு வந்தது. குடியிருப்புப் பகுதிக்குள் எந்த வண்டியானாலும் 30. சொந்தக் காரில் ஆபீஸ் போய் வருகிறவருக்கு இது எரிச்சல். ஆட்டோ, கால் டாக்ஸி, பள்ளி வேன், சரக்கு வேன், டெலிவரி பைக் ஓட்டுகிற எங்களுக்கு இது கூலிக் கணக்கு.

தெருவுக்குள் 30 வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. 50இல் வரும் வண்டி மோதினால் அதன் வலு, 30இல் வருவதைப் போல ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. நடைபாதை இல்லாத அதே தெருக்களில்தான் எங்கள் பிள்ளைகளும் பள்ளிக்கு நடக்கிறார்கள். ஆனால் அந்த வேகக் குறைப்புக்கான செலவு முழுவதும் வண்டி ஓட்டுகிறவன் தலையில் விழுவதை ஏற்கமாட்டோம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு நாளில் 120 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குப் பாதி ஓட்டம் உட்புறச் சாலை என்று வைத்துக்கொள்வோம். அந்த 60 கிலோமீட்டரை 40இல் போனால் ஒன்றரை மணி நேரம், 30இல் போனால் இரண்டு மணி நேரம். அரை மணி நேரம் போய்விட்டது. ஒரு சவாரியும் போய்விட்டது. பகலில் 30ஐத் தொடவே வழியில்லையே என்பீர்கள். உண்மைதான். மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் மாலை ஏழு மணிக்கு வேக வரம்பைப் பற்றிப் பேசினால் பின்சீட்டில் இருப்பவர் சிரிப்பார். வரம்பு உறைப்பது விடியற்காலையிலும் இரவு பத்து மணிக்கு மேலும். விமான நிலையச் சவாரியும் சென்ட்ரல் சவாரியும் கிடைக்கிற நேரம் அது. பகலில் விட்டதைப் பிடிக்கிற நேரமும் அதுவே.

முதல் கோரிக்கை, எல்லை. குடியிருப்புப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? கோடம்பாக்கத்திலிருந்து போரூர் வரை ஆற்காடு சாலையில் கீழே கடை, மேலே வீடு. அது 30ஆ, 60ஆ? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 112, வரம்பைக் குறைக்கும் அதிகாரத்தைக் கொடுக்கும்போதே, அதை அரசிதழில் அறிவிக்கவும் பொருத்தமான இடங்களில் பலகை வைக்கவும் சொல்கிறது. எனவே 30 வரம்புள்ள தெருக்களின் பட்டியல் வார்டு வாரியாகத் தமிழில் வெளியாக வேண்டும். நுழைகிற இடத்தில் சிவப்பு வட்டப் பலகை, முடிகிற இடத்தில் இன்னொன்று. மரக்கிளைக்கும் கட்சி பேனருக்கும் பின்னால் நிற்கும் பலகையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பலகை இல்லாத தெருவில் வேகத்துக்காகப் போடும் சலான் செல்லாது என்று எழுத்தில் தர வேண்டும்.

இரண்டாவது, கேமரா. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ, கேமராவுக்கு முன்பாகவே எச்சரிக்கைப் பலகை வேண்டும் என்கிறது. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும். நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும். அதில் படமும் கருவி அளந்த வேகமும் இருக்க வேண்டும். நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. இதை ஒரு வரி விடாமல் கடைப்பிடியுங்கள், சான்றிதழ்களைப் பொதுவில் போடுங்கள். வாடகை வண்டி ஓட்டுகிறவர் நிலைமை இன்னும் மோசம். சலான் ஆர்.சி.யில் பெயர் உள்ள முதலாளியின் செல்லுக்குப் போகிறது, பணம் மட்டும் ஓட்டுநரின் பேட்டாவில் பிடிக்கப்படுகிறது. படத்தைக்கூட அவர் பார்ப்பதில்லை. இரண்டாம் முறை பிடிபட்டால் லைசென்ஸையே எடுத்துவைக்கச் சொல்கிறது பிரிவு 183. பலகை வைத்த நாளிலிருந்து ஆறு மாதம் எச்சரிக்கையோடு விடுங்கள். முள் 30ஐத் தாண்டி இரண்டு மூன்று கோடு ஏறியதற்காக ஒருவர் லைசென்ஸில் கை வைக்காதீர்கள்.

மூன்றாவதுதான் இந்தச் சாசனத்தை எழுத வைத்தது. அதே 183இல் யாரும் எடுத்துப் பேசாத நான்காம் உட்பிரிவு ஒன்று இருக்கிறது. ஒரு பயணத்தை இன்ன நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கால அட்டவணை வெளியிட்டாலோ உத்தரவு கொடுத்தாலோ, வேக வரம்பை மீறாமல் அது நடக்கிற காரியமில்லை என்று நீதிமன்றம் கருதினால், அட்டவணை போட்டவர் குற்றம் செய்தார் என்பதற்கு அதுவே முகாந்திரச் சான்று. பஸ் முதலாளிகளை மனதில் வைத்து எழுதியதுபோல் தோன்றுகிறது. இன்றைக்கு எங்கள் கைப்பேசியில் ஓடும் நேரம் அட்டவணை இல்லாமல் வேறென்ன?

கெடு எதுவும் வைக்கவில்லை, ஓட்டுநர் அவராக விரும்பி ஓட்டுகிறார் என்று நிறுவனங்கள் சொல்லும். அப்படியானால் தாமதத்துக்கு நட்சத்திரம் குறைவது ஏன்? ஒரே ஒரு ஆர்டர் குறைந்ததால் அன்றைய இன்சென்டிவ் முழுக்கப் போவது ஏன்? விளம்பரத்திலிருந்து நிமிடக் கணக்கை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, அது செயலியின் உள்ளேயும் இருக்கக் கூடாது. 30 வரம்புள்ள தெருவில் 30க்கும் குறைவான வேகத்தை வைத்தே சேரும் நேரத்தைக் கணக்கிட வேண்டும். கேட் திறக்காத அடுக்குமாடி, லிஃப்ட் கிடைக்காத நேரம், கடையில் பொட்டலம் கட்டும் நேரம் எதுவும் ஓட்டுநர் கணக்கில் வரக் கூடாது. அந்தக் கணக்கு முறையை, 2023இல் அரசு அமைத்த இணையம் சார்ந்த தொழிலாளர் நல வாரியத்திடம் நிறுவனங்கள் ஒப்படைக்க வேண்டும். டெலிவரி வண்டிக்கு வேகச் சலான் போடும்போது, எந்தச் செயலிக்காக ஓடினார், எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்பதையும் காவலர் பதிவு செய்ய வேண்டும். நான்காம் உட்பிரிவில் ஒரு வழக்காவது போட்டுப் பாருங்கள்; தெருக்களின் வேகம் தானாகக் குறைவதை நீங்களே காண்பீர்கள்.

ஆட்டோவுக்கு வருவோம். 2013இல் அரசு வைத்த கட்டணத்தில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12, காத்திருப்புக்கு ஐந்து நிமிடத்துக்கு 3.50. தூரத்துக்குத்தான் கூலி, நேரத்துக்கு ஏதோ பேருக்கு ஒரு சில்லறை. ஊரை மெதுவாக ஓட்டச் சொல்கிற அரசு, கட்டணம் நிர்ணயிக்கும்போது நேரத்துக்கும் சரியான விலை வைக்க வேண்டும். பெரிய சாலையில் பக்கத்தில் பஸ் 50இல் போக, ஆட்டோ மட்டும் 40இல் போவது பாதுகாப்பா என்பதையும் நிபுணர்களை வைத்து ஆராயுங்கள்.

வேகத்தடைகள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வட்ட வேகத்தடைக்கு அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். தெருக்காரர்கள் ஒரு மூட்டை சிமெண்டில் இரவோடு இரவாகக் கட்டுகிற வரப்பில் கர்ப்பிணியை ஏற்றிச் செல்லும்போது நாங்கள் கேட்கிற வசவு கொஞ்சநஞ்சமல்ல. அளவு தப்பியவற்றை மாநகராட்சி இடித்துவிட்டு, வெள்ளைக் கோடும் பலகையுமாக முறையாகப் போடட்டும்.

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று. வேகக் காட்டி வேலை செய்யாத வண்டிகளுக்கு எஃப்.சி. தராதீர்கள், அதை எதிர்த்து நாங்கள் வரமாட்டோம்.

அடுத்த முறை வரம்பை மாற்றுவதற்கு முன் எங்களை அழைத்துப் பேசுங்கள். கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு வைத்தால் நல்லது. பள்ளிச் சவாரியும் ஆபீஸ் சவாரியும் முடிந்திருக்கும், மதியச் சாப்பாட்டு ஆர்டர் தொடங்கியிருக்காது. பன்னிரண்டுக்குள் முடித்துக்கொடுங்கள்.