"வருமானம்" என்ற இடத்தில் என்ன எழுதுவது?



எமது ஒழுங்கையில் ஒரு சகோதரி இருக்கின்றார். மூன்று பிள்ளைகளின் தாய். வீட்டிலிருந்தபடியே அபாயா, சல்வார் தைத்துக் கொடுப்பவர். அவருக்கு ஓவர்லொக் மெஷின் ஒன்று தேவைப்பட்டது. ஒரு வங்கியில் கடன் விண்ணப்பப் படிவம் வாங்கிக்கொண்டு, நிரப்பித் தரும்படி என்னிடம் வந்தார். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதியாயிற்று. "தொழில்" என்ற இடம் வந்ததும் பேனை நின்றுவிட்டது.

"என்ன ராத்தா எழுதுற? வீட்டுலதான் எண்டு போடுவமா?" என்று கேட்டார். அதற்கு அடுத்த வரி "மாத வருமானம்". அதற்கும் அவரிடம் பதில் இல்லை. ஒரு மாதம் பத்து உடுப்பு வரும், அடுத்த மாதம் ஒன்றும் வராது. நோன்பு மாதத்தில் தூங்கவே நேரமிருக்காது.

வங்கியில் கணவரின் சம்பளப் பட்டியலைக் கேட்டார்களாம். அவரோ சைக்கிளில் மீன் விற்பவர். கடல் எந்தக் காலத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்தது? அரசாங்க உத்தியோகம் பார்க்கும் இரண்டு பேரின் பிணையும் வேண்டும் என்றார்கள். இவருக்காகப் பிணை நிற்க யார் வருவார்? படிவம் அப்படியே அலுமாரிக்குள் போயிற்று.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இரவு பதினொரு மணிக்குப் படுக்கும் ஒருவரை "தொழில் இல்லாதவர்" என்று ஒரு கடதாசி சொல்லுமானால், பிழை கடதாசியில்தான் இருக்கின்றது. இது எமது நாட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் வந்த விதிகளினால், 2011 முதல் கடன் அட்டை கேட்கும் ஒருவரின் சொந்த வருமானத்தையே பார்க்க வேண்டும் என்றாகியது. வீட்டோடு இருந்த தாய்மார் பலர் ஒதுக்கப்பட்டனர். அவர்கள் விடாமல் குரல் எழுப்பியபின், 21 வயதுக்கு மேற்பட்டவர் கணவனின் அல்லது மனைவியின் வருமானத்தில் தமக்குக் கிடைக்கக்கூடியதையும் காட்டலாம் என்று 2013இல் விதி மாற்றப்பட்டது. அங்கேயே அந்தப் பாடென்றால், மீன்காரரின் மனைவிக்கு இங்கே யார் விதி மாற்றுவது?

ஆனால் வங்கிக் கதவு மூடினால் வேறொரு கதவு தானாகவே திறக்கின்றது. அதுதான் என்னைப் பயப்படுத்துகின்றது. ஒரு கிழமை செல்லவில்லை, மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பி வந்து நின்றார். சம்பளப் பட்டியல் வேண்டாம், உறுதி வேண்டாம். ஐந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும். 50,000 ரூபா எடுத்தால் கிழமைக்கு 1,250 ரூபா வீதம் 52 கிழமை கட்ட வேண்டும். "நூற்றுக்கு முப்பதுதான் வட்டி" என்றாராம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 65,000 ரூபா கட்டுகின்றீர்கள். முதற் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுத்து வருவதால், அரைவாசிக் காலத்தில் உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய அரைவாசிக் கடன்தான். ஆனால் வட்டியோ முழுத் தொகைக்கும் கணக்கிடப்பட்டிருக்கின்றது. உண்மையான வீதம் ஐம்பதையும் தாண்டும். ரிபா எவ்வளவு குறைவாக இருந்தாலும் ரிபாதான் என்பதை எமது வாசகிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே அது குறைவாகவும் இல்லை.

வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் முடிந்த பின்னர் இந்த நுண்கடன்கள் எத்தனை வீடுகளைக் கலைத்தன என்பது அறிந்ததே. 2018 செப்டெம்பரில் இலங்கை வந்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில கடன்களின் வட்டி 220 வீதம் வரை சென்றிருந்ததாகக் கூறினார். அதே ஆண்டில் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடனில் தவித்த பெண்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. 2021இல் ஹிங்குராக்கொடையில் சிங்களச் சகோதரிகள் வீதியோரத்தில் கொட்டில் போட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கடன்காரன் வாசலில் நின்று சத்தம் போட்டால் எந்த மதத்துப் பெண்ணுக்கும் மானம் ஒன்றுதான்.

அப்படியானால் எங்கே போவது? கடன் வாங்குவதை இஸ்லாம் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் தமது போர்க் கவசத்தை ஈடு வைத்து வாற்கோதுமை வாங்கியிருக்கின்றார்கள். கடன் சுமையிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவலும் தேடியிருக்கின்றார்கள். ஈடு வைப்பது ஆகும், வட்டிதான் ஆகாது. 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தத்தின் பின் வட்டியில்லா வங்கிச் சேவைக்கு எமது நாட்டில் வழி பிறந்தது. 2011இல் அமானா வங்கி தொடங்கியது. நகையைப் பொறுப்பில் வைத்து, வட்டியின்றிக் கடன் தந்து, பாதுகாப்புக் கட்டணம் மட்டும் எடுக்கும் முறை இப்போது சில இடங்களில் உண்டு. கட்டணம் எவ்வாறு கணக்கிடப்படுகின்றது என்று கேட்டு அறிந்த பின்னரே நகையைக் கழற்றுங்கள்.

கிழக்கு மாகாணத்துச் சகோதரிகளிடம் ஒரு வார்த்தை. எமது ஊர்களில் வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரில்தான் இருக்கும். வாப்பாவும் நானாமாரும் இரவு பகலாக உழைத்துக் கட்டிக் கொடுத்தது. தொழில் கோட்டில் எழுத ஒன்றுமில்லாத அதே பெண்ணின் உறுதி மட்டும் எல்லோருக்கும் தேவைப்படும்! கணவரின் கடைக்கு, மச்சானின் வெளிநாட்டுப் பயணத்துக்கு என்று கையெழுத்துக் கேட்பார்கள். உங்கள் சொத்து உங்களுடையது என்பது மார்க்கம் தந்த உரிமை. மனமுவந்து கொடுத்தால் அது பெரிய உபகாரம். ஆனால் கடதாசியை வாசிக்காமல், "அவர் சொன்னார்" என்று கையெழுத்துப் போடாதீர்கள். தவணை தவறினால் ஏலத்துக்கு வருவது உங்கள் பிள்ளைகள் படுக்கும் அறை.

இன்னொன்று. உங்கள் பெயரில் சேமிப்புப் புத்தகம் ஒன்று இருக்கட்டும். தைத்த காசோ, பலகாரம் விற்ற காசோ, ஐந்நூறு ரூபாவானாலும் அதில் போட்டு எடுங்கள். வருமானத்துக்கு வேறு அத்தாட்சி இல்லாதவருக்கு அந்தப் புத்தகமே அத்தாட்சி. தொழிலைப் பிரதேச செயலகத்தில் பதிந்துகொண்டால் படிவத்தில் அந்த இடம் வெறுமையாக இராது.

ஒழுங்கைச் சகோதரிக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். குழுக் கடனுக்குப் பெயர் கொடுக்கவிருந்தவரை அவருடைய மாமிதான் மறித்தார். பத்துப் பெண்கள், மாதம் 5,000 ரூபா, ஏலம் இல்லாத சீட்டு. ஏலச் சீட்டில் கழிவு வரும், அது வேண்டாம் என்பதில் மாமி கண்டிப்பு. முதற் சீட்டு யாருக்கு என்று குலுக்கவில்லை. எல்லோரும் கலந்து பேசி இவருக்கே கொடுத்தார்கள். அந்த 50,000 ரூபாவோடு கையிலிருந்ததையும் சேர்த்து, பாவித்த மெஷின் ஒன்று வாங்கினார்.

பெருநாள் முடிந்த அடுத்த மாதம் ஒரு தையலும் வரவில்லை. 5,000 ரூபாவில் 2,000 ரூபா குறைந்தது. மாமி தன் கையிலிருந்து போட்டுச் சரிக்கட்டினார். கடனை எழுதிக்கொள்ளும்படி குர்ஆன் கட்டளையிடும் நீண்ட வசனத்தை நாம் ஓதுகின்றோம், சொந்தத்துக்குள் என்றால் எழுத வெட்கப்படுகின்றோம். மாமி வெட்கப்படவில்லை. பிள்ளையின் பாடசாலைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதி போட்டு, 2,000 ரூபா என்று எழுதி, இரண்டு பேரை வாசிக்கவும் வைத்தார். அதில் 1,500 ரூபா திரும்பிவிட்டது.