ஓடுபாதை ஒன்று, வழிகள் பல

ஏட்டுச் சுவடிகளில் ஒரே அடிக்கு இரண்டு மூன்று பாடங்கள் கிடைக்கும்போது, பதிப்பாசிரியர் ஒன்றை ஏற்று மற்றவற்றை அடிக்குறிப்பில் தருகிறார். பிழையென்று பின்னர் தெரிந்தால் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்கிறார். அந்த வசதி இல்லாத தொழில்களும் உண்டு. விமானத்தைத் தரையிறக்குவது அவற்றுள் ஒன்று.

மேகமும் பனியும் நிலத்தை மறைக்கையில் விமானிக்குத் துணையாவது ஐ.எல்.எஸ். என்னும் கருவிமுறை. ஓடுபாதையின் நடுக்கோட்டை ஒரு வானொலிக் கற்றையும், இறங்கும் சரிவை மற்றொன்றும் காட்டுகின்றன. ஒரே ஓடுபாதைக்கு இத்தகைய வழிகள் இரண்டு மூன்று வகுக்கப்படுவதும் உண்டு. தரையிறங்காமல் மீண்டும் மேலெழ நேர்ந்தால் விரைந்து ஏறவல்ல விமானத்தை ஒரு வழி இன்னும் தாழ வர அனுமதிக்கும். அவ்வாறு ஏற இயலாததை மற்றொரு வழி உயரத்திலேயே முடிவெடுக்கச் சொல்லும். இவற்றை இசட், ஒய், எக்ஸ் என ஆங்கில அகரவரிசையின் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பெயரிடுகிறார்கள். வரைபடத்தின் தலைப்பில் வேறுபடுவது ஓர் எழுத்துதான்.

வழிகள் பல இருப்பதை நாம் குறைகூறவில்லை. தேர்ந்த வழியைக் கடைசி நேரத்தில் மாற்றுவதே ஆபத்து என்கிறோம்.

1995 டிசம்பர் 20 அன்று மயாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகருக்குத் தாமதமாகப் புறப்பட்ட போயிங் 757 இதற்குச் சான்று. இருபுறமும் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு, இரவு நேரம். வடக்கிலிருந்து வந்த விமானம் நிலையத்தைக் கடந்து சென்று, திரும்பி, 01 என்னும் முனையில் ஐ.எல்.எஸ். வழியே இறங்குவதாக இருந்தது. காற்று அமைதியாக இருந்ததால், அதே ஓடுபாதையின் மறுமுனையான 19இல் நேராக இறங்கலாமே என்றார் கட்டுப்பாட்டாளர். விமானிகள் ஒப்புக்கொண்டனர். அம்முனைக்கு ஐ.எல்.எஸ். இல்லை, விரைந்து தாழவும் வேண்டியிருந்தது. ரோசோ என்னும் வழிகாட்டி நிலையத்தை எண்ணி, வரைபடத்தில் கண்டபடி, கணினியில் ‘ஆர்’ என்ற ஒற்றை எழுத்தைத் தேர்ந்தார்கள். கணினியிலோ அவ்வெழுத்து நூறு மைலுக்கு அப்பால், பொகோட்டா அருகிலிருந்த ரோமியோவைக் குறித்தது. விமானம் இடப்புறம் மலைகளை நோக்கித் திரும்பியது. உணர்ந்து மீள முயன்றபோது காலம் கடந்திருந்தது. 163 பேரில் நால்வரே பிழைத்தனர்.

2000இல் மயாமி நடுவர் குழு, பொறுப்பில் 75 விழுக்காட்டை விமான நிறுவனத்துக்கும், 17ஐ வழித்தரவு தந்த நிறுவனத்துக்கும், 8ஐக் கணினி செய்த நிறுவனத்துக்கும் பிரித்துக் கொடுத்தது. விமானிகள் மட்டுமே தவறினர் என்னாமல், வரைபடத்துக்கும் கணினிக்கும் இடையே ஓர் எழுத்தின் பொருள் வேறுபட்டதும் குற்றமே என்று அது கண்டது நியாயம் என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் எல்லாவற்றுக்கும் முன்னே நின்றது சில நிமிடங்களை மிச்சப்படுத்தும் ஆசை. அந்த ஆசை நம் அனைவருக்கும் உரியது. ஆகவே விமானிகளை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை.

எந்த வழி என்பதைக் கீழிறங்கத் தொடங்குமுன்பே படித்துப் பேசி முடிவுசெய்ய வேண்டும். பிறகு வேறொரு வழி நீட்டப்பட்டால், அதைப் படித்தறிய நேரமில்லையெனில் மறுத்துவிட வேண்டும். அல்லது வானிலேயே ஒரு சுற்றுச் சுற்றி அந்த நேரத்தைப் பெற வேண்டும். தாமதமாகிறதே என்று முணுமுணுக்கும் பயணிகளாகிய நாமும், அந்த ஒரு சுற்று நம் பொருட்டே என்று அறிந்துகொள்வது நல்லது.