பாட்டு பழசாகலாம், தெரு பழசாகவில்லை

அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து ‘தெருக்குரல்’ ஆல்பத்தை வெளியிட்டது 2019இல். அன்று ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று கல்லூரிக்கு வந்துவிட்டார்கள். நம் படிப்பு வட்டங்களில் உட்காருகிறார்கள், நம் துண்டறிக்கைகளைத் திருத்துகிறார்கள். அவர்கள் கேட்கும் ஒரு கேள்வி நமக்குப் பிடித்திருக்கிறது: “அந்த ஆல்பம் இன்னும் தாங்குமா? இல்லை, நீங்க எல்லாம் பழைய பாசத்துல தூக்கிப் பிடிக்கிறீங்களா?”

நியாயமான கேள்வி. பாசத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

முதலில் அது வந்த நேரத்தைச் சொல்லிவிடுவோம். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதன்முதலாக மேடை ஏறியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சிந்தனையிலிருந்து பெயர் எடுத்தார்கள். கானா, பறை, ராக், ராப் எல்லாம் ஒரே மேடையில் நின்றன. அந்த மேடையில் இருந்த அரக்கோணத்துப் பையன்தான் அறிவு. மறு ஆண்டே சினிமா, கதாநாயகன் என்று எதன் முதுகிலும் ஏறாமல் தனித்து வந்தது ‘தெருக்குரல்’. அதற்கு முன்பும் தமிழில் ராப் இருந்தது. ஆனால் ‘ஆன்டி இண்டியன்’, ‘கள்ளமௌனி’ என்று பாட்டுக்குப் பெயர் வைத்து, அரசியலை ஊறுகாயாகத் தொட்டுக்கொள்ளாமல் சோறாகவே பரிமாறிய ஆல்பம் நம் காதுக்குப் புதிது.

இப்போது ரசிகர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஒரு கட்சி, “அது கிளாசிக், தொடாதே” என்கிறது. இன்னொரு கட்சி, “பீட் பழசு, கோஷம் அதிகம், அறிவு அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டார்” என்கிறது. இரண்டு கட்சியும் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறார்கள்: ஹெட்போன். நாம் இந்த ஆல்பத்தைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் வைத்துக் கேட்கிறோம். இங்கே கேட்டால் வேறு மாதிரிக் கேட்கிறது.

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். திருக்குறளைத் தெருக்குரல் ஆக்கியது வெறும் சொல் விளையாட்டு என்று நகரத்து விமர்சகர் கடந்துபோகலாம். கீரனூரிலோ கந்தர்வகோட்டையிலோ ஆலங்குடியிலோ பேருந்துக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுப்பார். “தம்பி எந்த ஊரு?” ஊரைச் சொன்னதும் அடுத்த கேள்வி: “அங்க எந்தத் தெரு?” சாதியைக் கேட்க வெட்கப்படுகிறவர் தெருவைக் கேட்கிறார். நம் ஊர்களில் தெரு என்பது வெறும் முகவரி கிடையாது, அது சான்றிதழ். செருப்புப் போட்டு நடக்க எது, சைக்கிளில் இறங்காமல் போக எது, பிணத்தைத் தூக்கிக்கொண்டு போக எது என்று தெருத் தெருவாகப் போராடி வந்தவர்கள் நம் தாத்தாக்கள். ‘காலனி’ என்ற சொல்லையே அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில்தான் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் பதிவேட்டில் சொல் போனாலும் பேருந்து நிறுத்தத்தில் கேள்வி போகவில்லை. அந்தக் கேள்வி இருக்கும்வரை ‘தெருக்குரல்’ என்ற தலைப்புக்கு வயதாகாது.

அடுத்து, ‘கள்ளமௌனி’. இந்த ஒரு சொல்லுக்காகவே இந்த ஆல்பத்தை வைத்துக்கொள்ளலாம். பேசத் தெரியாதவன் ஊமை, பேச விரும்பாதவன் மௌனி. பேச வேண்டிய இடம் தெரிந்தும், பேசினால் தனக்கு என்ன போகும் என்று கணக்குப் போட்டு வாயை மூடிக்கொள்பவன் கள்ளமௌனி. 2019இல் இந்தச் சொல்லைக் கேட்டபோது யாரோ டெல்லியில் இருப்பவரைத் திட்டுவதுபோல இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அந்தச் சொல் நம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தது.

2022 டிசம்பர் 26. இறையூர் வேங்கைவயல். தலித் மக்களுக்குக் குடிநீர் கொடுக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது வெளியே தெரிந்தது. பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான் தொட்டியை ஏறிப் பார்த்தார்கள். மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் ஊருக்கு வந்தபோது டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதும், அய்யனார் கோயிலுக்குள் மக்களை விடாததும் சேர்ந்தே வெளிவந்தன. அதாவது தொட்டிக்கு முன்பே குவளை இருந்தது, குவளைக்கு முன்பே கோயில் கதவு இருந்தது. எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் பேசாமல் இருந்தவர்களுக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டுமானால், அது மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பாட்டாக வந்துவிட்டது.

2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. உயர் நீதிமன்றம் ஒருநபர் ஆணையம் அமைத்தது. டி.என்.ஏ. பரிசோதனை நடந்தது, அதுவும் பெரும்பாலும் யாருடைய ரத்தத்தை எடுத்து என்பதை இந்த மாவட்டம் மறக்காது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தபோது, அதில் இருந்த மூன்று பெயர்களும் அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களின் பக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டவை. இது சாதிப் பிரச்சினை அல்ல, தனிப்பட்ட பகை என்றது காவல்துறை. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் அதை ஏற்க மறுத்து சி.பி.ஐ. விசாரணை கேட்டன. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். இரட்டைக் குவளை யாருடைய தனிப்பட்ட பகை என்ற கேள்வியை நாம் சொல்லிக்கொண்டே இருப்போம்.

ஆல்பம் தாங்குகிறதா என்று கேட்டால், இந்த இடத்தில் தாங்குகிறது. 1927இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கிக் கையால் அள்ளிக் குடித்த தண்ணீருக்கும் வேங்கைவயல் தொட்டிக்கும் நடுவே 95 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகள் மாறாத ஒன்றைப் பற்றிய பாட்டு, ஆறேழு ஆண்டில் பழசாகிவிடுமா?

ஆனால் இப்படிச் சொல்லி நிறுத்திக்கொண்டால் அது ரசிகர் வேலை. கொடுமை தொடர்வதால் பாட்டும் நல்ல பாட்டாகிவிடாது. தாங்காத இடங்களையும் சொல்ல வேண்டும்.

ஒன்று, வேகம். வரிகள் மூச்சு விடாமல் வருகின்றன. தனியாகக் கேட்கும்போது புல்லரிக்கும். கூட்டத்தில் சேர்ந்து பாட முடியாது. இன்குலாப் எழுதி, கே. ஏ. குணசேகரன் ஊர் ஊராகக் கொண்டுபோன ‘மனுசங்கடா’ பாட்டை நினைத்துப் பாருங்கள். மைக் இல்லாமல், கரண்ட் இல்லாமல், எழுத்துத் தெரியாத கூலிக்காரப் பெண்ணும் இரண்டாம் முறை கேட்கும்போது சேர்ந்து பாடிவிடுவார். அந்தப் பாட்டு பாடகர்கள் போன பிறகும் நிற்கிறது, ஏனென்றால் அதைச் சுமக்க ஆயிரம் தொண்டைகள் இருக்கின்றன. ‘தெருக்குரல்’ பாட்டுகளைச் சுமக்க அறிவு ஒருவரின் தொண்டைதான் இருக்கிறது. தெருவின் குரல் என்று பெயர் வைத்துவிட்டுத் தெரு பாட முடியாமல் இருப்பது ஒரு குறைதான்.

இரண்டு, ஒரே மூச்சில் நாட்டையே எடுத்துக்கொள்வது. நியூயார்க்கில் குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பிலிருந்து வந்த நாஸ் என்ற ராப் பாடகரின் முதல் ஆல்பம் ‘இல்மாடிக்’, 1994. முப்பது ஆண்டுகள் தாண்டியும் அதைப் பேசுகிறார்கள். காரணம், அது அந்தக் குடியிருப்பை விட்டு அதிக தூரம் போகவே இல்லை. ‘தெருக்குரல்’ தெருவில் நின்று நாட்டைப் பார்த்துப் பேசுகிறது. அந்தத் தெருவில் யார் வீடு எது, யார் பசித்திருக்கிறார், யார் சிரிக்கிறார் என்று நின்று பார்க்க அதற்கு நேரமில்லை. அறிவுக்கே இது தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறோம். அதனால்தான் அவர் பிறகு தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளிடம் போனார். ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று ஒரு தொகுப்புக்கே பெயர் வைத்தார்.

மூன்று, பெண்கள். ‘தெருக்குரல்’ இரண்டு ஆண்களின் ஆல்பம். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் தொடங்கியபோது 19 பேரில் ஒரே பெண் இசைவாணி. வேங்கைவயலில் தண்ணீர் பிடித்தது யார், குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது யார்? நம் தெருவின் சண்டைகளைத் தினமும் குழாயடியில் போடுகிறவர்களின் குரல் இல்லாத தெருக்குரல் பாதிக் குரல்தான். இது அறிவுக்கு மட்டும் சொல்வதல்ல, நம் மேடைகளுக்கும் சேர்த்துத்தான்.

இந்தக் குறைகளை வைத்துக்கொண்டே ‘எஞ்சாயி எஞ்சாமி’யைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021 மார்ச்சில் வந்த அந்தப் பாட்டு உலகமே ஆடிய பாட்டு. நிலமற்ற கூலி மக்களின் ஒப்பாரியிலிருந்து எழுந்த பாட்டு என்று தெரியாமலே, சாதிச் சங்கத் தலைவர் வீட்டுக் கல்யாணத்திலும் அது ஒலிக்க முடியும். அடுத்த ஆகஸ்டில் ஒரு பத்திரிகை அட்டையில் அறிவின் முகம் இல்லாமல் போனது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே அந்தப் பாட்டு மேடையேறியது. அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே 2024இல் சொன்னார். பாட்டு எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது, பாடியவரும் உழைத்தவரும் வழியில் இறக்கிவிடப்பட்டார்கள். இதில் நமக்குத் தெரியாத புதுமை எதுவும் இல்லை. விளைச்சல் ஊருக்கு, உழைப்பு சேரிக்கு.

‘தெருக்குரல்’ ஆல்பத்தை அப்படிப் பிரித்து எடுத்துக்கொண்டு போக முடியாது. ‘கள்ளமௌனி’யைப் போட்டுவிட்டுக் கள்ளமௌனிகள் ஆட முடியாது. அது பெரிய ஹிட் ஆகாமல் போனதற்குக் காரணமும் அதுதான், இன்றும் நம்மிடமே இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

ஒரு பாட்டு உயிரோடு இருக்கிறதா என்று ரசிகரிடம் மட்டும் கேட்டால் போதாது. எதிரியிடமும் கேட்க வேண்டும். 2018இல், சபரிமலைத் தீர்ப்பை ஒட்டிய நாட்களில் இசைவாணி பாடிய ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ பாட்டுக்கு 2024 நவம்பரில் புகார் மேல் புகார் கொடுத்தார்கள், அவருக்கு மிரட்டல் விடுத்தார்கள். ஆறு ஆண்டுப் பழைய பாட்டு! நம் பிளேலிஸ்டில் கீழே போய்விட்ட பாட்டை அவர்கள் பத்திரமாக நினைவில் வைத்திருந்தார்கள். அந்த விலையைப் பாடுகிறவர்கள்தான் தனியாகக் கொடுக்கிறார்கள். ரசிகர்கள் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள்.

தோழர்களே, ரசிகராக இருப்பது தவறில்லை. ஆனால் இந்த மாநிலத்தில் ரசிகர் மன்றம் என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றியவர்களில் எத்தனை பேர் நம் தெருப் பிள்ளைகள் என்று நமக்குத் தெரியும். அறிவுக்கும் அப்படியொரு கட்அவுட் வைத்தால் ‘தெருக்குரல்’ அன்றே செத்துவிடும்.

இந்த மாவட்டத்துக்குப் பாட்டை எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல் குவாரியிலும் வயலிலும் வேலை செய்த பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அதற்கென்றே பாட்டுகள் பிறந்தன. ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சைக்கிள் ஓட்டிய மாவட்டம் இது. அந்தப் பாட்டுகள் இன்று எந்தத் தரவரிசையிலும் இல்லை. ஆனால் அந்தப் பெண்களின் மகள்களும் பேத்திகளும்தான் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். ஒரு பாட்டு தாங்கியதா என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஆகவே எங்கள் பதில் இதுதான்: ‘தெருக்குரல்’ தாங்குகிறது, ஒரு முதல் வாக்கியமாக. அடுத்த வாக்கியங்களை அறிவு மட்டுமே எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது சோம்பேறித்தனம். உங்கள் விடுதியில், உங்கள் தெருவில் ஒரு மாலை அந்த ஆல்பத்தை முழுதாகப் போட்டுக் கேளுங்கள். பிறகு அணைத்துவிட்டு, உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் பேசாத ஒரு விஷயம் எது என்று வட்டமாக உட்கார்ந்து பேசுங்கள். தண்ணீர்த் தொட்டியா, சுடுகாட்டுப் பாதையா, டீக்கடைக் குவளையா? அதை உங்கள் அம்மாவும் சேர்ந்து பாடக்கூடிய மெட்டில், நாலு வரியில் எழுதுங்கள். பறை இருந்தால் பறை, இல்லாவிட்டால் கைத்தட்டு போதும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் மனுவோடு அந்த நாலு வரியையும் கொண்டுபோங்கள்.

ஜெய் பீம்.