மருந்துக்கு முன் மலப் பரிசோதனை

தென்னந்தோப்புக்கும் ஆட்டுமந்தைக்கும் காவலாக நாய் வளர்க்கும் வாசகர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். நாய் மெலிந்தாலோ, பின்புறத்தைத் தரையில் தேய்த்தாலோ, உடனே கடைக்கு ஆள் அனுப்பிப் 'பூச்சி மாத்திரை' வாங்கிப் புகட்டிவிடுவது வழக்கமாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு வாங்கியதில் எஞ்சிய அல்பெண்டசோல் மாத்திரையைக் கொடுப்போரும் உண்டு. அம்மருந்து நாய்களுக்கு எலும்பு மஜ்ஜையைப் பாதித்து இரத்த அணுக்களைக் குறைத்துவிடக் கூடும் என்பதை அவர்கள் அறியார்.

நாயின் குடலில் வாழும் புழு ஒரே வகையன்று. உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, நாடாப்புழு எனப் பல வகை. பைரண்டெல் என்னும் மருந்து முதல் இரண்டையும் வீழ்த்தும். மற்ற இரண்டையும் ஒன்றும் செய்யாது. மலத்தில் அரிசிமணி போன்ற துண்டுகள் நெளிந்தால் அது பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி வழியாக வரும் நாடாப்புழு. அதற்குப் பிராசிகுவாண்டெல் வேண்டும். தெள்ளை ஒழிக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால், புழு மீண்டும் வந்து சேரும். எனவே இருப்பது எந்தப் புழு என்று அறிந்த பின்னரே மருந்தைத் தேர்ந்தெடுத்தல் முறையாகும்.

பரிசோதனையும் கடினமானதன்று. நெல்லிக்காயளவு புதிய மலத்தை, மண் ஒட்டாத மேற்பகுதியிலிருந்து எடுத்து, மூடியுள்ள சுத்தமான புட்டியில் இட்டு, அன்றே கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு நாள் கிடந்தாலே கொக்கிப்புழு முட்டை பொரித்துவிடும். பிறகு பார்ப்பதில் பயனில்லை. ஆய்வாளர் மலத்தை அடர்ந்த உப்புக் கரைசலில் கலக்குவார். கனம் குறைந்த முட்டைகள் மேலே மிதந்து வரும். அவற்றைக் கண்ணாடி வில்லையில் ஒற்றியெடுத்து உருப்பெருக்கியில் பார்த்தால், முட்டையின் வடிவமே புழுவின் இனத்தைச் சொல்லிவிடும். மருந்து கொடுத்து 2 வாரங்களில் மறுபடியும் சோதித்தால் மருந்து பலித்ததா என்பதும் தெரியும். அமெரிக்காவில் பந்தய நாய்களிடையே பல மருந்துகளுக்கும் மசியாத கொக்கிப்புழுக்கள் தோன்றியிருப்பது இவ்வாறு எண்ணிப் பார்த்ததால் வெளிப்பட்டதே.

ஆயினும் 'முட்டை இல்லை' என்ற சீட்டைக் கண்டு நிம்மதியடைந்துவிட வேண்டாம். புழு வளர்ந்து முட்டையிட நாளாகும். சாட்டைப்புழுவுக்கு ஏறக்குறைய 3 மாதம். குட்டிகளின் நிலையோ வேறு. உருளைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டியைச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே குட்டிகளுக்குச் சோதனைக்காகக் காத்திராமல், மருத்துவர் சொல்லும் அளவில் 2 வார வயதிலிருந்தே மருந்து தொடங்குவர். அப்புழுவின் முட்டை மண்ணில் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்த பின், முற்றத்தில் விளையாடும் குழந்தையின் கைவழியே வயிற்றில் புகுந்தால், இளம்புழு ஈரலுக்கும், சில வேளை கண்ணுக்கும் சென்று பார்வையையே கெடுத்துவிடும்.

இனிக் கூறப்போவது நம் இல்லங்களுக்கு மிக நெருக்கமானது. குர்பானி ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ நீர் நிறைந்த கட்டிகள் காணப்படுவதுண்டு. 'வேண்டாதது' என்று அதை நாய்க்கு எறிந்துவிடுகிறோம். அக்கட்டிக்குள் இருப்பது ஒரு சிறு நாடாப்புழுவின் இளம் தலைகள். நாயின் குடலில் அவை அரிசிமணியளவே வளரும்; நாய்க்கு நோய்க்குறி எதுவும் தோன்றாது. ஆனால் அது கழிக்கும் முட்டை மனிதர் வயிற்றில் சேர்ந்தால், ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்க்கட்டி பல ஆண்டுகள் ஓசையின்றி வளர்ந்து அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும். கட்டியுள்ள ஈரலைத் தின்பதால் மனிதருக்கு இந்நோய் வருவதில்லை. நாய் வழியாகவே வருகிறது. இப்புழுவின் முட்டையை மற்ற சில நாடாப்புழுக்களின் முட்டையிலிருந்து உருப்பெருக்கி பிரித்துக் காட்டாது!

ஆடுகள் மிகுந்த நியூசிலாந்து இதனுடன் நெடுங்காலம் போராடியது. 1959-இல் தனிச் சட்டமே இயற்றி, நாய்களுக்கு அரிகோலின் கொடுத்துப் பேதியாக்கி, வெளிவந்ததை ஆய்வகத்தில் சோதித்தனர். அரிகோலின் வேறொன்றுமில்லை, நாம் வெற்றிலையோடு மெல்லும் பாக்கில் உள்ள சத்துதான். 1970-களில் சோதனையை விட்டு, 6 வாரத்திற்கொரு முறை எல்லா நாய்களுக்கும் மருந்து என்ற முறைக்கு மாறினர். முட்டையிடும் பருவத்தைப் புழு எட்டுமுன் அதை அழிப்பதே அக்கணக்கு. பச்சை உள்ளுறுப்புகளை நாய்க்குப் போடுவதையும் தடுத்தனர். 2002-இல் அந்நாடு இந்நோயிலிருந்து தற்காலிகமாக விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஆகவே பச்சை ஈரல், நுரையீரல் தின்ற நாய் உங்களிடம் இருந்தால், சோதனைச் சீட்டை மட்டும் நம்பாமல் அச்செய்தியை மருத்துவரிடம் சொல்லுங்கள். எடைக்கேற்பப் பிராசிகுவாண்டெல் தருவார். அம்மருந்து புழுவைக் கொல்லுமேயன்றி முட்டையைக் கொல்லாது. மருந்து தந்த ஓரிரு நாட்கள் நாயைக் கட்டிவைத்து, மலத்தை எரித்துவிடுங்கள் அல்லது ஆழப் புதையுங்கள். பெருநாளன்று கழிவுக் குழியையும் நாய் தோண்ட இயலாத ஆழத்தில் வெட்டி, மேலே கல் ஏற்றுங்கள்.