பெயர் தெரியாத மீனை வாங்கலாமா?

நமது திருப்பூருக்குக் கடல் இல்லை. ஆயினும் கண்ணாடித் தொட்டி ஒன்றும், செயற்கைக் கடல் உப்பும் இருந்தால் கடல் மீனை வீட்டுக் கூடத்திலேயே வளர்க்க முடிகிறது. 2003-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படத்தில் டோரி என்ற நீல மீனைக் கண்ட சிறுவர்களுக்கு அந்த ஆசை எழுவது இயல்பே. டோரி, 'டாங்' எனப்படும் இனத்தைச் சேர்ந்தது. வாலடியில் கத்தி போன்ற முள் இருப்பதால் இவ்வினத்தாரைச் 'சர்ஜன் மீன்' என்றும் அழைப்பர்.

மீன் வளர்ப்பதை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் இன்ன மீன் என்று தெரியாமல் குஞ்சு வாங்குவது தவறு என்பதே எங்கள் கருத்து.

ஏனெனில் டாங் குஞ்சின் நிறம் நம்மை ஏமாற்றிவிடும். ஹவாய்த் தீவுகளில் மிகுந்துள்ள மஞ்சள் டாங் என்றும் மஞ்சளே. கரீபியன் கடலின் நீல டாங்கும் குஞ்சாக இருக்கையில் மஞ்சள்தான், வளர்ந்தபின் நீலமாகிறது. தோளில் ஆரஞ்சுப் பட்டை கொண்ட வேறொரு டாங்கும் சிறு வயதில் மஞ்சளே. முதல் மீன் சுமார் 20 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். மூன்றாவதோ 35 சென்டிமீட்டர் வரை வளரும். நாள் முழுதும் நீந்திப் பாசி மேயும் அம்மீன் சிறு தொட்டியில் என்ன பாடுபடும்!

நமது இந்தியப் பெருங்கடலிலும் இவ்விந்தை உண்டு. ஒரு டாங்கின் குஞ்சு, ஏஞ்சல் மீன் ஒன்றைப் போலவே வேடம் பூண்டு திரிகிறது. முள்ளைப் பார்த்தால் உண்மை விளங்கும். கன்னத்தில் முள் இருந்தால் ஏஞ்சல். வாலடியில் இருந்தால் டாங்.

பனியன் துணி வாங்குவோர் சாயத்தை மட்டுமா பார்க்கிறார்கள்? நூலையும், பின்னலையும், ஜி.எஸ்.எம். எடையையும் அல்லவா சோதிக்கிறார்கள்! அதுபோல் மீனிலும் உடலமைப்பை நோக்க வேண்டும். மஞ்சள் டாங்கின் வாய் முன்னே நீண்டிருக்கும். முதுகுத் துடுப்பு பாய்மரம் போல் உயர்ந்திருக்கும். மற்ற இரண்டிற்கும் துடுப்பு அவ்வளவு உயரமில்லை.

"கடைக்காரர் சொல்லும் பெயர் போதாதா?" எனச் சிலர் கேட்கலாம். போதாது. டோரியையும் 'ப்ளூ டாங்' என்பர். கரீபியன் மீனையும் 'ப்ளூ டாங்' என்பர். இலத்தீன் பெயரில் குழப்பமில்லை. டோரி 'பராகாந்துரஸ் ஹெபாட்டஸ்'. மற்றது 'அகாந்துரஸ் கோருலியஸ்'.

பெயர் தெரிந்தால் பிறந்த இடத்தையும் கேட்கலாம். நெடுங்காலமாக டாங் மீன்கள் அனைத்தும் பவளப்பாறைகளில் பிடிக்கப்பட்டவையே. மஞ்சள் டாங்கை 2015-இல் ஹவாயிலும், டோரியின் இனத்தை 2016-இல் ஃபுளோரிடாவிலும் ஆய்வாளர்கள் முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டினர். அவ்வாறு வளர்ந்த குஞ்சை வாங்கினால் பவளப்பாறைக்கு இழப்பில்லை. நம் தமிழகத்திலும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் அவற்றின் பவளப்பாறைகளையும் காக்க 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டதன்றோ?

தொடக்க நூலில் ஆதாம் கால்நடைகளுக்கும் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் பெயரிட்டதாக வாசிக்கிறோம். மீன்களைப் பற்றி அங்கே சொல்லப்படவில்லை. அவற்றின் பெயரைக் கற்பது நம் பொறுப்பு எனக் கொள்வோம்.

அன்புத் தோழியரே! பெற்றோர் மீன் வாங்கித் தர முன்வந்தால், "இதன் பெயர் என்ன? எவ்வளவு வளரும்? எங்கே பிறந்தது?" என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடை கிடைக்காவிடில் வெறுங்கையோடு திரும்புங்கள். ஓர் உயிர் பிழைக்கும்.